கிழிந்த காதுக்காரிக்கு ஒரு பொட்டு

எனக்கு ஏசி ஆகாது. தியேட்டருக்குப் போனால் சால்வை, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் காதில் பஞ்சு, மார்கழி பிறந்துவிட்டால் வீட்டுக்குள்ளேயே சாக்ஸ். தாம்பரத்தில் என்ன பெரிய குளிர் என்று கேட்பவர்கள் மார்கழியில் காலை ஆறு மணிக்கு எங்கள் ஸ்டேஷனுக்கு வந்து பார்க்க வேண்டும். பீச் வண்டிக்குக் காத்திருக்கிற ஆண்களில் பாதிப் பேர் குரங்குக் குல்லா மாட்டியிருப்பார்கள். ரிட்டயர் ஆகிற வரைக்கும் என் வீட்டுக்காரரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான்.

அப்படிப்பட்ட நான் ஸ்காட்லாந்தில் ஓர் ஆட்டுப் பண்ணையில் முழங்கால் பனியில் நின்று சிரித்தேன் என்றால் எங்கள் காலனியில் யாரும் நம்புவதில்லை. போட்டோ காட்டினால், இப்போதெல்லாம் போனிலேயே இப்படிச் செய்துவிடலாமாமே என்கிறார்கள். நான் போனதும் பனியைப் பார்க்க இல்லை. மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வரப் போனேன்.

மகள் கால்நடை மருத்துவம் படித்தவள். மேல்படிப்புக்கு அங்கே போனாள். பயிற்சிக்கு என்று ஒரு பண்ணைக்கு அனுப்பினார்கள். ஆடுகளைப் பார்க்கப் போனவள் ஆட்டுக்காரரையும் பார்த்துவிட்டாள். மாப்பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. தாம்பரத்தில் மண்டபத்தில் நடந்த கல்யாணத்தில், வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் மேலே பெல்ட் கட்டிக்கொண்டு மூன்று வேளையும் இலையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை. இப்போது மகள் முழுகாமல் இருந்தாள். ஏப்ரலில் நாள் குறித்திருந்தார்கள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். எங்களிடம் இதில் பேச்சுக்கே இடமில்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, கை நிறைய வளையலோடு பெண்ணை அழைத்து வந்தால்தான் பெற்றவளுக்கு ஊரில் முகம். என் அம்மா எனக்குச் செய்தாள், நான் என் பெண்ணுக்குச் செய்ய வேண்டும். தை மாதம் பொங்கல் முடிந்து நாலாம் நாள் இருவருக்கும் டிக்கெட் போட்டாகிவிட்டது. போனில் சொன்னபோது மகள், "நீ முதல்ல வாம்மா, பார்க்கலாம்" என்றாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவள் நான். 'பார்க்கலாம் மிஸ்' என்று சொல்கிற பிள்ளை வீட்டுப்பாடம் எழுதாது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

தாம்பரத்தில் மாடி அறையைத் தயார் செய்கிற பொறுப்பு என் வீட்டுக்காரருக்கு. சுண்ணாம்பு உதிர்ந்த சுவரைப் பூசி, வெளிர்ப் பச்சை அடித்து, ஏசி போட வேண்டும். ஏப்ரல் மே வெயிலில் பிள்ளை பெற்றவள் வேகக்கூடாது இல்லையா? எனக்கு ஆகாத ஏசியை நானே போடச் சொன்னேன். அவரையும் கூட வரச்சொல்லிக் கூப்பிட்டேன். "அந்தக் குளிர்ல என்னை எடுத்துட்டுப் போய்ப் புதைக்கிறதுக்கா? நான் பெயின்டரைப் பார்த்துக்கிறேன், நீ பொண்ணைப் பார்த்துக்க" என்றார்.

பண்ணை வீடு கருங்கல் வீடு. பின்னால் மலை, முன்னால் சரிவு, சரிவின் அடியில் ஓர் ஓடை. அக்கம்பக்கம் என்று சொல்ல ஒரு வீடு கிடையாது. அங்கே மூன்று பேர்: மகள், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா. என் சம்பந்தி உயரமான, ஒல்லியான மனுஷி. கணவர் இல்லை. பேச்சைக் காசு போல எண்ணிச் செலவழிப்பார். நான் போய் இறங்கியதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காட்டன் புடவை, அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் என் வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய குரங்குக் குல்லா. உள்ளே போய், இறந்துபோன தன் கணவரின் கம்பளிக் கோட்டையும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கோட்டு எனக்குக் கணுக்கால் வரை வந்தது. பனி முடிகிற வரை நான் அதற்குள்ளேதான் குடியிருந்தேன்.

முதல் பனி புது வருஷம் பிறந்த பிறகு விழுந்தது. அங்கே எட்டரை மணிக்குத்தான் விடியும். கண் விழித்தபோது ஏதோ ஒன்று குறைந்த மாதிரி இருந்தது. சத்தம்தான் குறைந்திருந்தது. ஜிஎஸ்டி ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவளுக்கு ஹாரன் சத்தம்தான் சுப்ரபாதம். விமானம் தலைக்கு மேல் இறங்கினால் பேச்சை நிறுத்திவிட்டு, போன பிறகு விட்ட இடத்தில் தொடர்கிறவர்கள் நாங்கள். இங்கே ஓடைச் சத்தம்கூட இல்லை. ஜன்னல் திரையை விலக்கினேன். மலையைக் காணோம், வேலியைக் காணோம், டிராக்டரும் இல்லை. எல்லாவற்றின் மேலும் யாரோ துவைத்த வேட்டியைப் போர்த்திவிட்டுப் போயிருந்தார்கள்.

எத்தனை வருஷம் கரும்பலகையில் பனிப்பொழிவு படம் வரைந்திருக்கிறேன்! ஆறு முனை நட்சத்திரம் போட்டு, இதுதான் பனித்துகள், எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். மிஸ், நீங்க பார்த்திருக்கீங்களா என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். அதட்டி உட்கார வைப்பேன். அன்று கோட்டின் கை மேல் ஒரு துகள் வந்து உட்கார்ந்தது. குனிந்து பார்த்தேன். ஆறு முனை. நான் போட்ட படம் தப்பில்லை. வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன், என்ன ஆச்சு என்று மாப்பிள்ளை பயந்தே போனார்.

மார்கழி ஆயிற்றே, வாசலில் கோலம் போடாமல் இருக்க முடியுமா? தாம்பரத்திலிருந்து ஒரு பொட்டலம் கோலமாவு கொண்டு போயிருந்தேன். மறுநாள் காலை சம்பந்தி ஆடுகளைப் பார்க்கப் போன நேரமாகப் பார்த்து, வாசல் பனியைச் சமமாகத் தட்டி, பதினோரு புள்ளி வைத்து, விரல் விறைக்க விறைக்கச் சிக்குக் கோலம் போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை! வெள்ளையில் வெள்ளை. மகள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கியது. விட்டேனா நான்? சமையல் மஞ்சள்தூளை எடுத்து வந்து அதே கோலத்தின் மேல் இன்னொரு முறை இழுத்தேன். திரும்பி வந்த சம்பந்தி மஞ்சள் பனியைப் பார்த்துவிட்டு, நாய் பண்ணிய வேலை என்று நினைத்து, பக்கத்தில் வாலாட்டிக்கொண்டு நின்ற நாயை ஒரு திட்டுத் திட்டினார் பாருங்கள். அது பாவம், என்னைப் பார்த்தது. விஷயம் தெரிந்ததும் அந்த மனுஷி சிரித்தார். நான் அங்கே போய் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று. காலையில் ஆடுகளுக்கு உலர்ந்த புல் போட என்னையும் கூட்டிக்கொண்டு போவார். குளிர்காலத்தில் செம்மறிகளை மலையிலிருந்து இறக்கி வீட்டுக்குப் பக்கத்துச் சரிவில் வைத்திருப்பார்கள். மாப்பிள்ளை டிராக்டரை ஓட்ட, பின்னால் தொட்டியில் நின்று நாங்கள் புல்லைத் தள்ளுவோம். அந்த வெள்ளைச் சரிவில் ஆடுகள் வரிசை கட்டி ஓடி வரும். பனி வெள்ளைக்கு முன்னால் அவை எவ்வளவு அழுக்கு என்று அப்போதுதான் தெரியும். மூக்கிலிருந்து ஆவி பறக்க, முதுகில் விழுந்த பனி கரையாமல் அப்படியே இருக்க, தலையைக் குனிந்து அவை புல்லை மெல்லுகிற சத்தம் ஒரு பந்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் அப்பளம் சாப்பிடுவது போல இருக்கும். எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடித்துப் போயிற்று.

"பாவம்டி, இந்தக் குளிர்ல வெளியில நிக்குதுங்களே" என்றேன் மகளிடம்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்! ஞாயித்துக்கிழமை தவறாம மட்டன் பிரியாணி சாப்பிடுறவங்க பேசுற பேச்சாம்மா இது?" என்றாள். வாய் அப்படியே என் மாமியார் வாய்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் என்னைக் கண்டால் ஓடமாட்டாள். இடது காது பாதி கிழிந்தவள். குட்டியாக இருந்தபோது தாய் செத்துப்போய், என் மகள் புட்டியில் பால் கொடுத்து அடுப்படியில் வளர்த்தவளாம். வளர்ந்து மந்தையோடு சேர்ந்த பிறகும், மனுஷர்களைப் பார்த்தால் சொந்தக்காரர் வந்த மாதிரி கிட்டே வந்துவிடுவாள். இந்த வருஷம் அவளுக்கும் தலைச்சன். என் மகளுக்கு நாள் குறித்த அதே ஏப்ரலில்தான் ஆடுகளும் குட்டி போடும். கோட்டுப் பையில் ஒரு கேரட்டோடு நான் போனால் கிழிந்த காதுக்காரி மூக்கை உள்ளே விட்டுவிடுவாள்.

ஒரு மத்தியானம் வேலை ஓய்ந்த நேரம், சம்பந்தி காலியான தீவனச் சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு சரிவின் உச்சிக்குப் போனார். அதற்குள் கொஞ்சம் வைக்கோல் திணித்தார். மேலே ஏறி உட்கார்ந்தார். சர்ரென்று அடிவாரம் வரைக்கும் போய்விட்டார், அறுபது தாண்டிய மனுஷி! கீழேயிருந்து என்னைப் பார்த்து இன்னொரு சாக்கை ஆட்டினார். வேண்டாம்மா, இடுப்பு போயிடும் என்று மகள் கத்தினாள். நான் புடவையைச் சுருட்டி பூட்ஸுக்குள் திணித்தேன், குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்கப்புறம் நடந்ததை நான் எப்படிச் சொல்ல? அடிவயிற்றில் ஓர் ஊற்று பொங்கியது. வாயிலிருந்து வந்த சத்தம் என்னுடையதே இல்லை. கீழே போய்க் குப்புற விழுந்து, வாயெல்லாம் பனியோடு எழுந்து, இன்னொரு தடவை என்று சாக்கை எடுத்துக்கொண்டு ஏறினேன். அன்று பொழுது சாய்கிற வரை இரண்டு சம்பந்திகளும் சறுக்கினோம்.

தினமும் வீட்டுக்காரர் வீடியோ காலில் வருவார். நான் பனியைக் காட்டினால், "மூடு மூடு, பார்த்தாலே எனக்கு ஜலதோஷம் பிடிக்குது" என்பார். பதிலுக்கு அறையைக் காட்டுவார். இன்றைக்குச் சுவருக்குப் பட்டி பார்த்தாயிற்று, இன்றைக்கு முதல் கோட் அடித்தாயிற்று. ஒருநாள் வாசலில் கீரைக்கார அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, தெர்மாகோலைக் கொட்டி வெச்சா மாதிரி கீது! அதுல எப்டி நடக்கினுகீற?" என்று கேட்டது. சுவரில் ஏசி ஏறிய அன்று ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டார். "பாரும்மா, எவ்ளோ சத்தமில்லாம ஓடுது பாரு." மகள், "சூப்பர்ப்பா" என்றாள். சொல்லிவிட்டு, அடுப்புக்கு விறகு போட என்று எழுந்து போனாள். அடுப்பில் நிறைய விறகு இருந்தது. நான் பார்த்தேன்.

அறை மூலையில் அவளுடைய பெட்டி திறந்தே கிடந்தது. நான் அதில் அவள் துணிகளை மடித்து வைப்பேன். மறுநாள் பார்த்தால் அதிலிருந்து எடுத்து உடுத்திக்கொண்டிருப்பாள். வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள். நானும் கேட்கமாட்டேன். ஒரே ஒருநாள், ஏப்ரலில் நீ இங்கே இருந்துதான் என்ன பண்ணப் போகிறாய் என்று ஆரம்பித்தேன். குட்டி போடுகிற ஆடுகள் பக்கம் கர்ப்பிணிகள் போகவே கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அவளே சொல்லியிருக்கிறாள். அந்த மாதம் முழுக்க மாப்பிள்ளையும் அம்மாவும் கொட்டகையில்தான் கிடப்பார்கள்.

"அதனாலதாம்மா, அவர் ஏப்ரல்ல ஒரு நாள்கூட இந்த இடத்தை விட்டு நகர முடியாது" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. அவர் தாம்பரத்துக்கு வர முடியாது, தன் பிள்ளை பிறக்கிறபோது கூட இருக்க முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். எனக்குப் புரிந்தது. எந்தப் புருஷன் பிரசவத்துக்குக் கூட இருந்தான், என் வீட்டுக்காரர் நீ பிறந்தபோது ஆபீசில் இருந்தார் என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் பெரிய பனி வந்தது. விழுந்த பனி இல்லை, காற்று வாரி வாரி இறைத்த பனி. கரண்ட் போயிற்று, போன் போயிற்று, பாதை மூடிக்கொண்டது. எல்லோரும் என்னைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். எனக்கா? எங்கள் முடிச்சூர் ரோடு பக்கம் வெள்ளம் வந்த வருஷம், கீழ்வீடு முழுகி, மாடியில் மெழுகுவத்தியும் பிஸ்கெட்டுமாகப் படகுக்குக் காத்திருந்தவள் நான். சுற்றிலும் தண்ணீர் இருந்து குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்திருக்கிறேன். இங்கே குடிக்கிற தண்ணீர் வானத்திலிருந்து விழுந்து வாசலிலேயே குவிந்திருந்தது. வாளிகளில் பனியை அள்ளி அடுப்பின் மேல் வைத்தேன், மெழுகுவத்திகளைத் தேடி வரிசையாக வைத்தேன், அரிசி பருப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். சம்பந்தி ஓரமாக நின்று என்னைக் கவனித்துவிட்டு, மகளிடம் ஏதோ சொன்னார். "நீ இங்கேயே பொறந்திருக்கணுமாம், அம்மா" என்று மகள் சொன்னாள்.

காற்று நின்றதும் ஆடுகளைத் தேடக் கிளம்பினார்கள். கல் சுவரோரமாக ஒதுங்கிய சில ஆடுகளைப் பனி மூடிவிட்டிருந்தது. நாய் மோப்பம் பிடித்து ஓரிடத்தில் கால்களால் பிறாண்டும். அங்கே பனியில் ஒரு சின்னத் துளை, உள்ளேயிருக்கிற ஆட்டின் மூச்சு பட்டு ஓரம் பழுப்பாகியிருக்கும். ஆறு மாத வயிற்றோடு மகள் நீளக் கம்பை எடுத்துக்கொண்டு சுவரோரம் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே போனாள். நான் பின்னாலேயே, போதும்டி, உட்காருடி என்று கத்திக்கொண்டே போனேன். அவள் காதில் வாங்கவில்லை. ஓரிடத்தில் நின்று, "இங்க" என்றாள். மாப்பிள்ளையும் சம்பந்தியும் தோண்டினார்கள். உள்ளேயிருந்து ஒரு ஆடு வெளியே வந்து, உடம்பைச் சிலிர்த்து உதறிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி புல்லைத் தேடியது. அடுத்த இடம், அதற்கடுத்த இடம். மகளின் முகம் குளிரில் சிவந்து போயிருந்தது. பத்தாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கிய அன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சம் இல்லை. இவள் இங்கே சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் கோபம் என்று தெரியாததால் நாயை அதட்டினேன்.

பொங்கலன்று வெளியே எங்கேயும் அடுப்பு மூட்ட வழியில்லை. வீட்டுக்குள் விறகடுப்பிலேயே பொங்கினேன். பால் பொங்கியபோது சம்பந்தியும் சேர்ந்து பொங்கலோ பொங்கல் என்று சொன்னார், ஏதோ வானிலை அறிக்கை படிக்கிற குரலில்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். மாடு இல்லாவிட்டால் என்ன, கொம்பும் குளம்பும் இருக்கிற ஜீவன்கள் இத்தனை நிற்கின்றனவே? வீட்டில் மற்றவர்கள் எழுந்திருப்பதற்குள் சர்க்கரைப் பொங்கலுக்கு அடுப்பில் ஏற்றிவிட்டு, மஞ்சள் குங்குமத்தோடு பட்டிக்குப் போனேன். ஆடுகள் எல்லாம் என்னைக் கண்டு சிதறி ஓடின. ஒருத்தி மட்டும் நின்றாள். கிழிந்த காதுக்காரிதான். நெற்றியில் மஞ்சள் தடவி, நடுவில் பெரிய பொட்டாகக் குங்குமம் வைத்தேன். நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் தாயே என்று தலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, திருப்தியோடு உள்ளே வந்தேன்.

அந்தப் பண்ணையில் ஓர் ஆட்டின் நெற்றியில் சிவப்பு மை இருந்தால், அது சந்தைக்குப் போகிற ஆடு என்று அடையாளம். யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை.

அன்று காலையில்தான் பனி வாருகிற வண்டி வந்து பாதையைத் திறந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே சந்தை லாரியும் வந்துவிட்டது. மாப்பிள்ளை மேல் சரிவில் சாய்ந்துபோன வேலியை நிமிர்த்தப் போயிருந்தார். லாரிக்காரர் பழக்கப்பட்ட ஆள், யாரையும் கூப்பிடவில்லை. நெற்றி சிவந்த ஆடுகளைத் தன் நாயை விட்டுப் பிரித்து, பலகை வழியாக ஏற்றிக்கொண்டிருந்தார். நான் அடுப்படி ஜன்னலருகே வெல்லப்பாகை ஊற்றிக் கிளறிக்கொண்டிருந்தேன். தற்செயலாக நிமிர்ந்தபோது, பலகையில் கால் வைத்து ஏறப் போகிற ஓர் ஆட்டின் இடது காதைப் பார்த்தேன்.

கையில் கரண்டியோடு ஓடினேன். கோட்டும் போடவில்லை, தலையில் குல்லாவும் இல்லை. ஏசி ஆகாத நான் வெறும் புடவையில் பனியில் ஓடி, பலகைக்கும் ஆட்டுக்கும் நடுவில் போய் நின்றேன். லாரிக்காரர் அதன் நெற்றியைக் காட்டி ஏதோ விளக்கினார். ஈரத்தில் மஞ்சள் கரைந்துபோய், குங்குமம் மட்டும் முகமெல்லாம் சிவப்பாக வழிந்திருந்தது. இத்தனை வருஷ ஆங்கிலம் எனக்கு அந்த நேரத்தில் ஒரு வார்த்தை உதவவில்லை. வந்ததெல்லாம் தமிழ்தான்.

"யோவ்! வாயும் வயிறுமா இருக்கிறவளை எங்கேய்யா ஏத்திக்கிட்டுப் போறே? இந்தக் குளிர்ல, வண்டியில போட்டு, முன்னப்பின்ன தெரியாத ஊருக்கா? அவ பழகின இடம் இது. அவ ஜனம் இங்க இருக்கு. இங்கதான் அவ பெத்துக்குவா! இதை விட்டு அவளை எவன் இழுத்துக்கிட்டுப் போறான்னு நானும் பார்க்கிறேன்!"

லாரிக்காரர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. சத்தம் கேட்டு ஓடி வந்த சம்பந்திக்கும் புரிந்திருக்காது. அந்த மலையிலேயே தமிழ் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"இப்ப சொன்னியே, அதை எனக்கும் ஒரு தடவை சொல்லும்மா."

கரண்டியிலிருந்து வெல்லப்பாகு பனியில் சொட்டிக்கொண்டிருந்தது. சம்பந்தி தன் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். பிறகு குனிந்து, தன் கைக்குட்டையால் கிழிந்த காதுக்காரியின் நெற்றியை நிதானமாகத் துடைத்து, பின்புறம் ஒரு தட்டு தட்டிப் பட்டிக்கு அனுப்பினார். அது எதுவும் தெரியாமல் என்னிடமே வந்து கேரட் தேடியது.

உள்ளே வந்தால் பொங்கல் அடிப்பிடித்து வீடெல்லாம் வாடை. அந்தப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அழுதேன். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "உன்னை விட்டுட்டு நான் எப்படிம்மா பெத்துக்கிறது, எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா இந்த இடத்தையும் அவரையும் விட்டுட்டு அங்க வந்து நாளை எண்ணிக்கிட்டு உட்கார என்னால முடியாதும்மா. அப்பா ஒவ்வொரு நாளும் அந்த ரூமைக் காட்டும்போது எழுந்து ஓடிடலாம் போல இருக்கு" என்றாள். அப்படியானால் நான் இங்கே இருந்து பார்த்துக்கொள்கிறேன், உன் டிக்கெட்டை ரத்து பண்ணிவிட்டு என்னுடையதைத் தள்ளிப்போடு என்றேன். சொல்வதற்கு எனக்குக் கொஞ்சமும் சுலபமாக இல்லை. ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கணக்கு ஒரு பக்கம் மனதில் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஓடட்டும் என்று விட்டேன்.

பிற்பகலில் கரண்ட் வந்தது. போனும் வந்தது. வந்த உடனே என் வீட்டுக்காரர்தான் கூப்பிட்டார். மூன்று நாளாகச் சத்தம் இல்லாததில் தாடி வளர்ந்து, கண் சிவந்து இருந்தார். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று தெரிந்ததும் முதல் வேலையாக எழுந்து மாடிக்குப் போனார். ஜன்னலுக்குத் திரை போட்டாயிற்றாம். மஞ்சள் பூப்போட்ட திரை. பேனுக்குக் கீழே வராமல் கட்டிலைத் தள்ளிப் போட்டிருந்தார். குழந்தைக்கு ஏணை கட்ட என்று உத்தரத்தில் கொக்கிகூட அடித்து வைத்திருந்தார்.

மகள் போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். நான்தான் சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. அவள் வரவில்லை, இங்கேதான் பெற்றுக்கொள்வாள், நான் கூட இருக்கப்போகிறேன் என்றேன்.

படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பின்னால் தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. அவர் கையில் அந்த ஏசி ரிமோட் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேஜையில் வைத்தார்.

"அங்க எந்த ரூம்?" என்றார்.

போனை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். சம்பந்தி தனக்கென்று வைத்திருந்த கீழறை, அடுப்புக்கு அடுத்த சுவர், அன்று மத்தியானமே காலி செய்து கொடுத்துவிட்டார். கட்டில், ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வெள்ளைச் சரிவு. முதல்முறையாக அவர் மூடு மூடு என்று சொல்லவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"கட்டிலை அந்த ஜன்னல்கிட்ட போடாதே" என்றார். "குழந்தைக்குக் காத்து அடிக்கும்."